பதினோரு பேருக்கு ஒரு கை

என்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் நான். பஸ் வரவில்லையென்றால் நிற்க மாட்டேன், அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துவிடுவேன். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் நாலு தடவை அதைப் பார்த்து முறைப்பேன். அப்படிப்பட்டவளை எட்டு நாள் கட்டிலில் படுக்கப் போட்டார்கள். அந்த எட்டு நாளில் உடம்பு பட்டது பாதி, வாயைத் திறக்காமல் நான் பட்டது மீதி. எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்துவிட்டேன். ஆனாலும் எழுதி முடித்துவிடுவேன்.

என் பெயர் சாந்தாமணி. வயது நாற்பத்தாறு. வீடு பொங்கலூரில். அவிநாசிபாளையம் தாண்டி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். பனியனில் கையைச் சேர்த்து ஓரம் அடிப்பது என் வேலை. பீஸ் கணக்குதான், அடித்தால் உண்டு. ஐந்து நிமிடம் மெஷினை விட்டு எழுந்தால் பன்னிரண்டு பீஸ் போச்சு. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கும் வேலை ஓடாது, அவள் கத்துவாள்.

எங்கள் கம்பெனியிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். மாதம் ஒரு தடவை தொழிலாளர் எல்லோருக்கும் பிரஷர் பார்க்க வேண்டும், அதை அவரவர் கார்டில் எழுத வேண்டும். அதற்கென்று இரண்டாவது சனிக்கிழமை வெளியிலிருந்து ஒரு நர்ஸ் வரும். ஆபீஸ் ரூமுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்காரும். முதல் மாதம் எங்கள் லைனில், அதாவது மெஷின் வரிசையில், எல்லோரும் ஒழுங்காகப் போனார்கள், நான் மட்டும் அன்றைக்கு லீவு. பக்கத்து லைன் பெண் ஒருத்திக்கு அளவு கூடுதலாக வந்துவிட்டது. டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தால்தான் மெஷினில் உட்கார விடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவள் பத்து நாள் வீட்டில் இருந்தாள். அதற்கப்புறம் எவள் போவாள்?

அப்போதுதான் ராஜாமணி வந்தாள். அவள் எங்கள் லைனின் ஹெல்பர். துணிப் பண்டல் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் நடப்பதுதான் அவள் வேலை, சம்பளமும் ஷிப்டுக்குத்தான். அவள் எழுந்து போனால் யாரும் கேட்க மாட்டார்கள். முதல் மாதம் லைனிலேயே நல்ல பிரஷர் அவளுக்குத்தான் வந்திருந்தது. நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. எங்களுக்கெல்லாம் ஒரே நீல ஏப்ரன், ஒரே தொப்பி, பஞ்சு மூக்கில் ஏறாமலிருக்க ஒரே மாஸ்க். கண் மட்டும்தான் தெரியும். இருநூறு பேரைப் பார்க்கிற நர்ஸுக்கு எந்தக் கண் யாருடையது என்று எப்படித் தெரியும்?

ஆக, மாதாமாதம் லைனில் உள்ள பத்து டெய்லர்களின் கார்டும் ராஜாமணியிடம் போய்விடும். தன் கார்டோடு சேர்த்துப் பதினொன்று. காலையிலிருந்து சாயங்காலம் வரை அரை மணிக்கு ஒரு தடவை போய்க் கையை நீட்டிவிட்டு வருவாள். ஒரு தடவை ஒருத்தியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனாள், இன்னொரு தடவை நொண்டிக்கொண்டு போனாள். நாங்கள் மெஷினில் உட்கார்ந்தபடியே சிரித்துச் சிரித்து ஊசியை உடைத்தோம். பதினாலு மாதம் இப்படி ஓடியது. பதினோரு பேருக்கும் பிரஷர் பிரமாதம். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பி ஆடிட்டுக்கு வந்தவர்கள் எங்கள் லைனைப் பாராட்டிவிட்டே போனார்கள்.

எனக்குத் தலைவலி தொடங்கி வருஷக்கணக்காகிவிட்டது. பின்மண்டையில் காலையில் எழும்போதே இருக்கும். தோள்பட்டை வலி இல்லாத டெய்லர் எங்கள் ஊரில் இல்லை, இதுவும் அதோடு சேர்ந்தது என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். இந்த வருஷம் கால் வீங்கியது. உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்தேன். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனது. அதை யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டேன். கடைசியில் ஊசிக் காதில் நூல் கோக்க முடியாமல் போனபோதுதான் பயம் வந்தது. நூல் மூன்றாகத் தெரிந்தது.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் காதர்பேட்டைப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அந்தப் பக்கமெல்லாம் அத்துப்படி. கடைக்காரர் எத்தனையோ கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஒத்துவரவில்லை. "இது கண்ணாடி வேலை இல்லீங்க, கண் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மை சொன்ன அந்த மனிதரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் டாக்டர் மருந்து விட்டு, லைட் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் உள்ள மெல்லிய குழாய்களில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். "பிரஷர் பாத்தீங்களா? நாலாம் நம்பர் ரூமுக்குப் போங்க."

நாலாம் நம்பர் ரூம் என்பது சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிற ரூம். அங்கே டாக்டர் கிடையாது, ஸ்டெல்லா சிஸ்டர்தான் எல்லாம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அதற்கு மேலிருந்து நம்மைப் பார்ப்பார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கால் இரண்டும் தரையில் படச் சொல்லி, கையை மேஜையில் வைக்கச் சொன்னார்.

"அஞ்சு நிமிசம் இப்படியே இரிங்க. பேசாதீய. கால ஆட்டாதீய."

"சீக்கிரம் பாத்துருங்க சிஸ்டர், மத்தியானம் கம்பெனிக்குப் போகோணும்."

"அதுக்குத்தான் அஞ்சு நிமிசம். ஓடி வந்த ஒடம்ப அளந்தா ஓட்டத்தத்தான் அளக்க முடியும்."

என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. பெடல் மிதிக்கிற கால், அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது. அவர் தன் செருப்பால் என் பாதத்தை லேசாக மிதித்து நிறுத்தினார். பிறகு அளந்தார். மறுபடி அளந்தார். மற்ற கையிலும் அளந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் பேச்சு மெதுவாகிவிட்டது.

இருநூற்றுப் பத்து, நூற்றிருபது. இந்த இரண்டு எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்கு ஒருத்தர் சொன்னார். முதல் எண், இதயம் ரத்தத்தை அழுத்தித் தள்ளும்போது குழாயில் இருக்கும் அழுத்தம். இரண்டாவது, அடுத்த தள்ளுக்கு முன்னால் இதயம் ஓய்ந்திருக்கும்போது இருப்பது. எனக்கு ஓய்ந்திருக்கும்போதே நூற்றிருபது இருந்தது.

"இதுக்கு முன்னால பிரஷர் இருந்துச்சா?"

"இல்லீங்களே. மாசாமாசம் கம்பெனில பாக்கறாங்க. நூத்திப் பதினெட்டு, எழுவத்தாறுதானுங்க. இருவது வயசுப் புள்ளையோட பிரஷர்னு சொல்லுவாங்க."

"மாத்திர எதும் சாப்பிடுதியளா?"

"ஒண்ணும் இல்லீங்க."

யோசிக்காமல் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பதினாலு மாதமாகக் கார்டில் பார்த்துப் பார்த்து அது என்னுடைய பிரஷர்தான் என்று நானே நம்பிவிட்டிருந்தேன். வீட்டில் கூட மகளிடம் அந்த எண்ணைச் சொல்லி, நீயும் என்னைப் போல் ஓடியாடு என்று உபதேசம் செய்திருக்கிறேன். வெட்கக்கேடு.

அரை மணி நேரத்தில் மாடியில் பெண்கள் வார்டில் படுத்திருந்தேன். பிரஷரை ஒரேயடியாக இறக்கக் கூடாதாம், திடீரென்று இறங்கினால் மூளைக்கு ரத்தம் பற்றாமல் போய்விடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார்கள். எனக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? மணிக்கு ஒரு தடவை கையில் பட்டையைச் சுற்றுவார்கள், நான் எட்டி எட்டி எண்ணைப் பார்ப்பேன். "நீங்க பாத்தா எறங்கிருமா?" என்று வார்டு நர்ஸ் திட்டினாள். ஈ.சி.ஜி., நெஞ்சு ஸ்கேன், வயிற்று ஸ்கேன், ரத்தம், சிறுநீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பெஞ்சு. அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த நேரத்தில் எத்தனை பீஸ் அடித்திருப்பேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. கண் போய்விடுமோ? மெஷினில் உட்கார முடியாதோ? அதை வெளியே சொல்லத் தெரியாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. ரத்தத்தில் கிரியாட்டினின் அதிகம் என்றார். அது ரத்தத்தில் சேரும் கழிவு. சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டியது, அனுப்பாமல் தங்கியிருக்கிறது. சிறுநீரில் நுரை வந்தது புரதம் ஒழுகுவதால். சிறுநீரகம் பாதிக்கும் கீழே வேலை செய்கிறது என்று அவர் சொன்னபோது என் கால் ஆட்டம் தானாக நின்றுவிட்டது.

"கம்பெனி கார்டு இருக்குன்னு சொன்னீங்களாம். பாக்கலாமா?"

என் மகள் கீர்த்தனா காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், எல்லாவற்றிலும் சுறுசுறுப்பு. உடனே ராஜாமணிக்கு போன் போட்டு, லைனில் இருந்த என் கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. பதினாலு மாதம், பதினாலு எண். எல்லாம் முத்து முத்தாக.

"பாருங்க டாக்டர், அம்மாவுக்கு பிரஷரே இருந்ததில்ல" என்று கீர்த்தனா போனை நீட்டினாள். அவளுக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை!

டாக்டர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "போன மாசம் நூத்திப் பதினாறு. இந்த மாசம் இருநூத்திப் பத்து. இப்படித் திடீர்னு ஏறணும்னா உள்ள ஏதாவது ஒரு காரணம் இருக்கணும். சிறுநீரகத்துக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். இல்ல, சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு, அதுல கட்டி இருந்தாலும் இப்படி ஏறும். ஆனா இதயச் சுவர் தடிச்சிருக்கு, அது ஒரு மாசத்துல வர்றதில்ல. அதான் குழப்பமா இருக்கு."

கட்டி என்ற வார்த்தை விழுந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் ராஜாமணி வேலை போய்விடும். அவள் புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். லைனில் மற்ற ஒன்பது பேருக்கும் சிக்கல். எல்லாவற்றுக்கும் மேலே, போனை நீட்டிக்கொண்டு நிற்கிற மகள் முன்னால் அது பொய்க் கார்டு என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

சனிக்கிழமை முழுக்க ஒரு வெள்ளைக் கேனில் சிறுநீரைச் சேர்க்கச் சொன்னார்கள். அந்தச் சுரப்பிக் கட்டியைக் கண்டுபிடிக்க இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர் வேண்டுமாம். ஒரு சொட்டுக் கூட வெளியே போகக் கூடாது. இல்லாத கட்டியைத் தேட நான் கேனைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்தார். தானும் அதையே குடித்தார்.

"உங்களுக்கு என்ன வந்துச்சு? நீங்க உப்புப் போட்டுக் குடிக்க வேண்டியதுதான?" என்று எரிந்து விழுந்தேன்.

"நல்லாத்தான் இருக்குது புள்ள" என்றார். கட்டி இல்லையென்று வந்துவிட்டால் கோயிலுக்கு வந்து மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு கீர்த்தனா சொன்னாள். எனக்கு அந்தக் கஞ்சி இறங்கவேயில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் முடிவைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ரத்தத்தில் சாயம் மாதிரி ஒரு மருந்தை ஏற்றி ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்போதுதான் குழாய் சுருக்கம் தெரியும். அந்த மருந்து பழுதான சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் கெடுதல், ஆனாலும் காரணம் தெரிந்தாக வேண்டும் என்றார். சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றைக் கெடுத்ததைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சாயம் என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இருக்கிற பாதிச் சிறுநீரகமும் என் பொய்யால் போகப்போகிறது என்று புரிந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராஜாமணி வந்தாள். கையில் சாத்துக்குடிப் பை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் கண்ணையே பார்த்தாள். நல்லவேளை, வீட்டுக்காரரும் மகளும் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"அக்கா, கண்ணு தெரியுதுங்களா?"

"தெரியுது. உக்காரு. சத்தமாப் பேசாத."

"நானே டாக்டர்கிட்டப் போயி சொல்லிப்போடறனுங்க அக்கா. என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆயிப்போச்சு."

"உனக்கென்ன பைத்தியமா? சொன்னா நாளைக்கே உன்னைய ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. உன்ற மேல என்ன தப்பு? உனக்குக் கடவுள் நல்ல ஒடம்பக் குடுத்திருக்கான், எங்களுக்குக் குடுக்கல."

அவள் பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு குரலே வெளியே வராமல் சொன்னாள்.

"நல்ல ஒடம்பெல்லாம் இல்லீங்க அக்கா. சின்னவன் வயித்துல இருந்தப்பவே எனக்குப் பிரஷர் வந்துருச்சுங்க. பொறந்த பொறவும் போகல. ஒம்பது வருசமா மாத்தர போடறேன். இந்த ஆஸ்பத்திரில, கீழ நாலாம் நம்பர் ரூமுலதானுங்க வாங்கறேன். ஒரு நாளு உட்டதில்ல. அதனாலதான் நல்லா இருக்குது. கம்பெனில தெரிஞ்சா நிறுத்திப்போடுவாங்கன்னு சொல்லல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. பதினாலு மாதம் நான் பீற்றிக்கொண்ட இருபது வயதுப் பெண்ணின் பிரஷர், ராஜாமணி காலையில் தண்ணீரோடு விழுங்கிய மாத்திரையின் பிரஷர். பத்து டெய்லர்கள் ஒரு மாத்திரையின் புண்ணியத்தில் ஆரோக்கியமாக இருந்திருக்கிறோம், கார்டில். அவள் ஒருத்திதான் நிஜமாகவே நன்றாக இருந்தவள், ஏனென்றால் அவள் ஒருத்திதான் தனக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவள்.

"போடி" என்று சொல்லிவிட்டேன். அவள் பழத்தை வைத்துவிட்டு எழுந்தாள். வாசல்வரை போனவளைக் கூப்பிட்டேன். "இனிமே யாருக்கும் கையக் குடுக்காத" என்றேன். தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா சிஸ்டர் வார்டுக்கு வந்தார். தான் கண்டுபிடித்து மேலே அனுப்பினவர்களைக் காலையில் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுத்தான் அவர் தன் ரூமைத் திறப்பார். கட்டிலில் உட்கார்ந்து என் கையை எடுத்தார். என் கால் கட்டில் கம்பியை உதைத்துக்கொண்டிருந்தது.

"அஞ்சு நிமிசம்" என்றார்.

"சிஸ்டர், அந்தக் கார்டுல இருக்கறது என்ற பிரஷர் இல்லீங்க."

சொல்லிவிட்டேன். தொப்பி, மாஸ்க், பதினோரு கார்டு, எல்லாம் சொன்னேன். பெயரை மட்டும் சொல்லவில்லை, எங்கள் லைன் ஹெல்பர் என்று சொன்னேன். அவர் கேட்கவும் இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் கையை விடவில்லை.

"வேற என்ன சொல்லல?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

"தலவலிக்கு என்ன செஞ்சிய?"

"வலி மாத்தர போடுவனுங்க. மெடிக்கல்ல குடுப்பாங்க."

"எத்தன?"

"காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. ஆறு வருசம் இருக்கும்."

"மாத்திர சாப்பிடலன்னு சொன்னியளே?"

"அது வலி மாத்தரதானுங்களே."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "அதுவும் மாத்திரதாம்மா. பிரஷர் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ரெண்டும் சேந்து கிட்னிய அடிச்சிருக்கு. தலவலியே பிரஷரால வந்திருக்கும், அதுக்கு நீங்க போட்ட மாத்திர பிரஷரக் கூட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு நேராக டாக்டர் ரூமுக்குப் போனார்.

டாக்டர் வந்தபோது என் வீட்டுக்காரரும் கீர்த்தனாவும் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் மறுபடி ஒரு தடவை சொன்னேன். இந்தத் தடவைதான் கஷ்டமாக இருந்தது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். "அப்ப எல்லாம் ஒத்துப்போகுது. கண்ணு, இதயம், கிட்னி எல்லாமே பல வருசக் கத. கோயம்புத்தூர் ஸ்கேன் வேண்டாம். இப்போதைக்குக் கட்டியத் தேட வேண்டியதில்ல." போன பாதி திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, வலி மாத்திரையைத் தொடவே கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்றார். கண்ணில் கசிவு வற்றினால் பார்வை ஓரளவு தெளியுமாம்.

டாக்டர் போனதும் என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, கட்டி இல்லீன்னு வெள்ளிக்கெழமையே உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"நாலு நாளா என்னையக் கொன்னுபோட்டயே." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. கீர்த்தனா போனை எடுத்து அந்தக் கார்டுப் படத்தை அழித்தாள். எனக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு பேருக்கு இடம் கிடையாது, ஆனாலும் எழுந்திருக்கச் சொல்ல மனசு வரவில்லை.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். மூன்று வேளைக்கும் மாத்திரை. மாத்திரை தொடங்கினால் சாகும்வரை விட முடியாது என்று பயந்து எத்தனை பேர் தொடங்காமலே இருக்கிறோம்! நானும் அந்தக் கட்சிதான். இப்போது மாதம் ஒரு தடவை நாலாம் நம்பர் ரூமுக்குப் போகிறேன். அந்த ஐந்து நிமிடம் எனக்கு இன்னும் நரகம்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் கீர்த்தனா வீட்டை விட்டே கடத்திவிட்டாள். பார்வை முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் நூல் இப்போது ஒன்றாகத்தான் தெரிகிறது. மெஷினில் உட்காரலாம், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே என் மெஷினைக் காட்டினார். இதற்காகவா பதினாலு மாதம் பயந்தோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை பிரஷர் பார்க்கும் நர்ஸ் வந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. லைனில் கட்டி வைத்திருந்த கார்டுகளிலிருந்து என்னுடையதை உருவிக்கொண்டு எழுந்து போனேன். பின்னால் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கிற சத்தம் கேட்டது. பார்க்கவில்லை. நர்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றினேன். சின்னப் பெண், மூன்று மாதமாக அதுதான் வருகிறது. பட்டையைச் சுற்றி அளந்தது.

"நூத்தி நாப்பத்திரண்டு, தொண்ணூறு" என்று எழுதப்போனது, மேல் வரியைப் பார்த்து நிறுத்தியது. "போன மாசம் நூத்திப் பதினாலு, எழுவத்தி நாலு. அவ்வளவு நல்லா இருந்திருக்குதே. என்னாச்சுங்க அக்கா?"

எட்டிப் பார்த்தேன். போன மாதம், இரண்டாவது சனிக்கிழமை. அந்தப் பெண்ணின் கையெழுத்துதான். நான் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே சனிக்கிழமை. என் கார்டைத் தனியாக எடுத்துவைக்க யாருக்கும் தோன்றாமல், மற்ற கார்டுகளோடு அதுவும் இங்கே வந்திருக்கிறது. நான் வார்டில் கிடக்கிறபோதும் என் பிரஷர் இங்கே வந்து கையை நீட்டிவிட்டுப் போயிருக்கிறது.

"அன்னைக்கு நான் ஆஸ்பத்திரில படுத்திருந்தனுங்க" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. "அப்ப நான் யாருக்குங்க பாத்தேன்?"

திரும்பினேன். எனக்குப் பின்னால் எங்கள் லைன் முழுக்க நின்றிருந்தது, ஆளுக்கொரு கார்டோடு. வரிசைக் கடைசியிலிருந்து ராஜாமணி முன்னால் வந்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள், தொப்பியைக் கழற்றினாள், கையை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குத்தானுங்க சிஸ்டர். எல்லாத் தடவையும் எனக்குத்தான் பாத்தீங்க. ஒம்பது வருசமா மாத்தர போடற கைங்க இது."